ஆட்சேபனை இல்லாத கூட்டம்

பந்தலின் கீழ் வரிசை வரிசையாக வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

நாற்காலிகளுக்குப் பின்னால், வெயிலில், சனம் நின்றுகொண்டிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, வரிசை பிசகாமல். அப்படி நிற்கும்படி யாரும் சொல்லவில்லை.

"உக்காருங்க, தயவுசெஞ்சு உக்காருங்க," என்று ஒலிபெருக்கியில் கெஞ்சிக்கொண்டிருந்தாள் நித்யா. கோலாலம்பூரில் இருக்கும் ஓர் அறக்கட்டளையின் சமூகப் பணியாளர். கழுத்தில் அடையாள அட்டை, காலில் வெள்ளைக் காலணி. தோட்டத்துச் செம்மண்ணுக்கு வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் சட்டென்று நம்புவதில்லை.

இடம் ஈப்போவுக்கு வடக்கே, செமோருக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் போய்ப் பல காலம் ஆகிறது. பாதி நிலத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை, மீதியில் புது வீடுகள். இரண்டுக்கும் நடுவில் தொழிலாளர்களின் லயங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் இப்போது ஈப்போ தொழிற்சாலைகளுக்கும் பேரங்காடிகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். பந்தல் போட்டிருந்த திடல் அந்தக் காலத்துப் பெரட்டுக் களம். விடியுமுன் மணியடித்து, தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்த இடம். கூட்டத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அது தெரியாது. வசதியான மைதானம் என்று நினைத்திருப்பார்கள்.

மேடைக்குப் பின்னால் ஒரு பதாகை. 'சமத்துவம், அனைவரையும் உள்ளடக்கல், நிலைத்த வளர்ச்சி' என்று மூன்று மொழிகளில். தமிழ் எழுத்துதான் ஆகச் சிறியது. சமத்துவத்தை அங்கிருந்தே தொடங்கியிருக்கலாம்.

எனக்கு அங்கே என்ன வேலை என்றால், நான் 'சுயேச்சைப் பார்வையாளர்'. மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்டார்கள் என்று வெளியாள் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்பது அந்த அறக்கட்டளையின் விதி. நலத்துறையில் ஓர் ஆயுளைக் கழித்துவிட்டு ஈப்போவை ஒட்டிய சிலிபினில் சும்மா இருக்கும் ஒரு பெண்மணி தலையாட்டிவிட்டுப் போவாள் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

திட்டம் காகிதத்தில் அழகாகவே இருந்தது. ஆற்றோரத்துச் சமநிலத்தில் இயற்கை உரத்தில் ஒரு பொதுக் காய்கறித் தோட்டம், பெண்களுக்கு ஒரு பயிற்சிக் கூடம், சூரிய ஒளி விளக்குகள். அந்தச் சமநிலத்தில்தான் பாக்கியம் என்ற விதவையின் மாட்டுக் கொட்டகை இருந்தது. அதைப் பற்றித் திட்டத்தில் ஒரே ஒரு வரி: 'கால்நடைகள் தகுந்த முறையில் அப்புறப்படுத்தப்படும்.' தகுந்த முறை என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எதையும் செய்யலாம். பணிக்காலத்தில் நானே நிறைய எழுதியிருக்கிறேன்.

குடியிருப்பின் தலைவர் சுப்ரா, ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர், நித்யாவிடமிருந்து ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "யாருக்காச்சும் ஆட்சேபனை இருக்கா?"

எங்கோ ஒரு சேவல் மட்டும் கூவியது.

"அப்ப எல்லாருக்கும் சம்மதம்." கைதட்டல். அறக்கட்டளையின் மேலாளர் தினேஷ் படம் எடுத்துக்கொண்டார். எல்லாருக்கும் பலகாரமாகக் கறிபாப் வந்தது.

நான் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சுப்ராவிடம் கேட்டேன்: "பாக்கியம் வரலையா?"

"வயித்து வலியாம் மேடம்."

"பக்கத்து வீட்டுக்காரரு?"

"அவருக்கும் வயித்து வலிதான்."

"அந்தக் கடைசி வீடு பூட்டியிருக்கே?"

"அதுங்களுக்குக் காய்ச்சல்னு..." சற்று யோசித்தார். "இல்ல, அதுங்களும் வயித்து வலின்னுதான் சொன்னிச்சிங்க."

கறிபாப்பைக் கடிக்காமல் கீழே வைத்தேன்.

இரண்டு வகை வயிற்று வலி

என் அப்பா தோட்ட மருத்துவமனையில் டிரெஸர். ஊசி போடுவதும் புண் கட்டுவதும் பிள்ளைப் பேறு பார்ப்பதும் எல்லாம் அவர்தான். டாக்டர் எப்போதாவது காரில் வந்து கையெழுத்திட்டுப் போவார்.

அப்பாவின் அலமாரியில் வயிற்று வலிக்கு இரண்டு போத்தல்கள் இருந்தன. ஒன்றில் சுண்ணாம்பு போல வெள்ளையாக மருந்து. இன்னொன்றில் வெந்நீரும் புதினா எண்ணெயும் கொஞ்சம் சீனியும்.

பெரட்டுக் களத்தில் தோட்டத்து அலுவலரான கிராணி ஏதாவது கடுமையாக உத்தரவு போடும் நாள்கள் உண்டு. இனிமேல் இன்னும் ஒரு வரிசை மரம் சேர்த்துச் சீவ வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வர வேண்டும் என்பது போல. அங்கே யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். முடியாது என்ற சொல் அந்தத் திடலில் கேட்டதே இல்லை. கிராணி ஆட்சேபனை உண்டா என்று கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் பதில் வந்திருக்கும். ஆனால் மறுநாள் காலை மருத்துவமனை வாசலில் கூட்டம் நிற்கும். அத்தனை பேருக்கும் வயிற்று வலி.

அப்பா முகத்தைப் பார்த்ததும் எந்தப் போத்தல் என்று முடிவு செய்துவிடுவார். புதினாத் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள் திண்ணமாகக் குணமாகி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். கிராணி வருகைப் பதிவைப் பார்ப்பார், துரையிடம் போவார். இரண்டு மூன்று நாள்களில் உத்தரவு தளரும். யாரும் யாரையும் எதிர்க்கவில்லை. யாருடைய மானமும் போகவில்லை.

அதாவது வருவது சம்மதம், வராமல் இருப்பது மறுப்பு. படித்த மனிதர்கள் யாரும் இதை எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். கிராணிகளுக்குத் தெரிந்திருந்தது. துரைகளுக்கே தெரிந்திருந்தது. அறக்கட்டளைக்குத் தெரியவில்லை. அவர்கள் வந்தவர்களை மட்டும் எண்ணினார்கள்.

காது கிழிந்த ஆடு

நான் ஏன் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறேன் என்று என் பத்தியைப் படிக்கும் வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். அது குணமில்லை, வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கரிக்கடையில் இருந்தவன் கையைப் போல.

பாகான் டத்தோ பக்கம் ஒருமுறை தென்னந்தோப்புக் குடும்பங்களுக்கு ஆடு கொடுத்தார்கள். வளர்த்து முன்னேற வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்வையிடப் போனேன். முதல் வீட்டில் ஆடுகள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு இடது காது கிழிந்திருந்தது. வாழை இலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தது. இரண்டாவது வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இடது காது கிழிந்த ஆடு ஒன்று, கொஞ்சம் மூச்சு வாங்கியபடி. மூன்றாவது வீட்டில் அது என்னை அடையாளம் கண்டுகொண்டது என்றே நினைக்கிறேன்.

அறிக்கையில் எழுதினேன்: 'ஆடுகள் மிகுந்த சுறுசுறுப்புடன் உள்ளன. ஒரே நாளில் பல வீடுகளுக்குச் சென்று வருகின்றன.' மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. யாரும் படிக்கவில்லை என்பதற்கு அதைவிட ஆதாரம் வேண்டாம்.

எங்கள் துறையில் மனிதர்களின் பெயரும் அடிக்கடி மாறிக்கொண்டிருந்தது. நான் சேர்ந்தபோது அவர்கள் ஏழைகள். பிறகு இலக்குக் குழுவினர். அப்புறம் வாடிக்கையாளர்கள். ஓய்வு பெறும்போது பயனாளர்கள். ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் ஒரு பயிலரங்கு, மத்தியானம் நல்ல சாப்பாடு. அவர்களில் ஒருவரைக்கூட அந்தப் பயிலரங்குகளுக்கு யாரும் அழைத்து நான் பார்த்ததில்லை.

சுசு லெம்பு

செமோரிலிருந்து திரும்பும்போது வயிற்று வலியையே யோசித்துக்கொண்டு வந்தேன். பாக்கியத்துக்கு உண்மையிலேயே வலி இருக்கலாம். அல்லது ஏற்கெனவே ஏதாவது வாங்கிக்கொண்டு மாடுகளை விற்க ஒத்துக்கொண்டு, ஊரார் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு உள்ளே இருக்கலாம். ஏழை என்பதாலேயே ஒருவரை நம்பிவிடுகிற பழக்கமும் எனக்கு இல்லை.

பாக்கியத்தின் பால் எங்கே போகிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் சிலிபினில் காதர் உணவகம் வைத்திருக்கிறார். அங்கே டின் பாலில்லாமல் பசும்பாலில் போடும் தே சுசு லெம்புக்குக் காலையில் இடம் கிடைக்காது. மறுநாளே போய் உட்கார்ந்தேன்.

"என்னாக்கா, இந்த நேரத்துல?" காதர் மேசையைத் துடைத்தார்.

"நேத்து பால் வந்துச்சா காதர்?"

"ஏன் வராம?"

"ஞாயித்துக்கிழமை. நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"யோசிக்க என்னா இருக்கு. பால்கார அக்கா ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல. ஞாயித்துக்கிழமைதான் நமக்குக் கூட்டமே. ஆறரை மணிக்கெல்லாம் மோட்டார்ல கேன் ரெண்டையும் கட்டிக்கிட்டு வந்துருச்சி. வந்ததும் என் பையன ஏசிச்சி, கேன நல்லா கழுவலன்னு." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஏன்க்கா, அதுக்கு எதுவும் சூசாவா, கஷ்டமா?"

"வயித்து வலின்னு சொன்னாங்க."

காதர் சிரித்தார். "வயித்து வலியா? ரெண்டு ரொட்டி சானாய் தின்னுட்டு, குழம்பு பத்தலன்னு சண்டை போட்டுட்டுப் போச்சி."

அப்பா இருந்திருந்தால் புதினாத் தண்ணீர்ப் போத்தலை எடுத்திருப்பார்.

கொட்டகையில்

பாக்கியம் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டு, கைலியும் ஆண்கள் சட்டையும் அணிந்து, சாணியைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டியிருக்கும். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாரே தவிர, வாருங்கள் என்று சொல்லவில்லை.

"வெல்ஃபேர் ஆளுங்க வந்தா ஒண்ணு குடுக்க வருவாங்க, இல்லாட்டி எடுக்க வருவாங்க. நீங்க எதுக்கு வந்தீங்க மேடம்?"

"நான் இப்ப வெல்ஃபேர் இல்ல. சும்மா பாக்க வந்தேன்."

"பாத்தாச்சில்ல." திரும்பி வேலையைத் தொடர்ந்தார்.

மாடுகள் என்னை விட மரியாதையாகப் பார்த்தன. கொட்டகையின் பின்பக்கம் ஆறு. அங்கிருந்து ஒரு சிறு பம்பு போட்டுத் தண்ணீர் இழுத்திருந்தார். அந்த இடத்தின் அருமை அதுதான். தண்ணீர் இல்லாமல் மாடு வைத்திருக்க முடியாது என்பது எனக்கே தெரியும்.

"வயித்து வலி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

கை நின்றது. "தலைவர் சொன்னாரா?"

"சொன்னாரு. கூட்டத்துல எல்லாருக்கும் சம்மதம்னு எழுதிக்கிட்டாங்க."

"எல்லாரும்னா? நான் போகலையே."

"போயி வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

பாக்கியம் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "எப்படி மேடம் சொல்றது? அங்க எல்லாரும் நிக்கிறாங்க. ஆட்சேபனை இருக்கான்னு தலைவரு கேக்குறாரு. கேக்குற விதத்துலயே தெரியுது, இருக்கக் கூடாதுன்னு. அந்த எடத்துல நின்னுக்கிட்டு எங்கப்பனே வாயத் தொறந்தது கெடயாது. அதான் போகல. நாலு வீடு போகல. போகலன்னா என்னான்னு வந்து கேக்க மாட்டாங்களா? கேட்டாத்தானே சொல்ல முடியும்."

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னா என் மாடு போச்சி." அதைச் சொன்னபோதுதான் குரல் முதன்முறையாக இறங்கியது. "இந்த வயசுல என்னை எந்த ஃபேக்டரில எடுப்பான்? பயிற்சிக் கூடத்துல கேக் செய்ய கத்துக் குடுக்கப் போறாங்களாம். நான் கேக் சுட்டு யாருக்கு விக்கிறது, மாட்டுக்கா?"

இடம் மாற்றம்

நான் கையெழுத்திடப் போவதில்லை என்று தினேஷுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"ஏன் ஆன்ட்டி? பாதிக்கு மேல வந்தாங்களே." அவர் என்னை ஆன்ட்டி என்பார். அந்த உறவுக்கு நான் சம்மதம் தெரிவித்ததாக நினைவில்லை.

"பாதிக்கப்படுற ஆள் வரலை. உங்க விதியிலயே இருக்கு. இன்னொரு கூட்டம் போடணும். இடத்தை நான் சொல்றேன்."

அவர் சமூக மண்டபத்தை எதிர்பார்த்தார். நான் முனியாண்டி கோயிலைச் சொன்னேன்.

லயத்துச் சனத்தை அடக்கமான சனம் என்று நினைப்பவர்கள் கோயில் கூட்டத்தைப் பார்த்ததில்லை. அதே மனிதர்கள்தான். திருவிழாவுக்கு எந்த உறுமி மேளக் குழுவை அழைப்பது என்ற பேச்சு வந்தால் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும். போன ஆண்டு அன்னதானத்துக்கு மோரா சிரப் தண்ணியா என்பதில் அண்ணன் தம்பி இருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அங்கே யாரும் வரிசையில் நிற்பதில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபின் ஒருவருக்கொருவர் பயப்படுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூடினார்கள். வயிற்று வலிக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நித்யா ஒலிபெருக்கியைத் தேடினாள், இல்லை என்றதும் காலணியைக் கழற்றிவிட்டுப் பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். இதெல்லாம் இப்போது பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் பற்றிக்கொண்டது.

"எனக்கு அந்தக் காய்கறிக் கெபூன் வேணும்," என்றாள் சரசு என்ற பெண். "கீரை வாங்கவே பயமா இருக்கு, அந்த விலை. இந்தக்காவோட மாட்டு ஈ எங்க வீட்டுச் சோத்துல உக்காருது."

"உன் வீட்டுச் சோத்துல உக்காருற அளவுக்கு என் ஈ ஒண்ணும் கேவலமா போயிடல," என்றார் பாக்கியம்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "ஒழுங்கா பேசுங்க, இது கோயிலு," என்று சுப்ரா எழுந்தார்.

"கோயில்லதான் தலைவரே பேச முடியுது," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "மத்த எடத்துல நீங்கதானே பேசுறீங்க."

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அந்த மைதானத்துச் சம்மதம் முழுதும் பொய் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. காய்கறித் தோட்டத்தை நிறையப் பேர் மெய்யாகவே விரும்பினார்கள். சாணி நாற்றத்தைப் பற்றியும் மழைக்காலத்துச் சேற்றைப் பற்றியும் பாக்கியத்தின் வாயைப் பற்றியும் பல வருடமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. பாக்கியமும் விடவில்லை. உங்க வீட்டுக் காதுகுத்துக்கு, கிருகப்பிரவேசத்துக்கு எல்லாம் எவ வீட்டுப் பால் என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்டார். ஒருவர் எழுந்து வெளியே போய் வெற்றிலை போட்டுவிட்டுத் திரும்பி வந்து சண்டையைத் தொடர்ந்தார்.

எல்லாரும் தொண்டை வறண்டு ஓய்ந்த நேரம் பார்த்து நித்யா முதன்முறையாக வாயைத் திறந்தாள். பதாகையில் இருந்த சொல் ஒன்றும் அவள் பேச்சில் வரவில்லை.

"அக்கா, என்ன இருந்தா நீங்க வேற எடத்துக்குப் போவீங்க?"

பாக்கியம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் கேட்டிருக்கவில்லை.

"தண்ணி," என்றார். "தண்ணி இருந்தா மேட்டுக்குக்கூடப் போறேன். ஆனா மொதல்ல தண்ணி. அப்புறம்தான் மாடு."

அப்படியே முடிவாயிற்று. ரப்பர் ஷீட் காயவைத்த பழைய கட்டடத்தின் பின்னால் இருக்கும் மேட்டு நிலத்தில், சிமெண்டுத் தரையோடு புதுக் கொட்டகை. குழாய்த் தண்ணீர் வந்த பிறகே மாடுகள் போகும். வந்ததை நான் பார்த்து உறுதி செய்ய வேண்டும். தினேஷ் எல்லாவற்றுக்கும் உடனே தலையாட்டினார். இவ்வளவு வேகமாகத் தலையாட்டுகிறவர் கணக்கு ஒன்றும் போட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம், அல்லது ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்.

காலையில் வேண்டாம்

கொட்டகை எழும்பியது. தரை நன்றாகவே போட்டிருந்தார்கள். ஒரு நாள் நித்யா தொலைபேசியில் அழைத்தாள்.

"மேடம், தண்ணி வந்துருச்சின்னு தினேஷ் சொல்றாரு. நாளைக்கு ரெண்டு மணிக்கு வந்து பாக்கறீங்களா?"

"காலையிலேயே வாரேன். வெயில் கம்மி."

"வேணாம் மேடம். காலையில வேணாம்."

"ஏன்?"

"சும்மாதான் மேடம். காலையில மட்டும் வேணாம்."

இந்தப் பெண்ணும் அவர்களில் ஒருத்திதான் என்று முடிவு செய்துகொண்டேன். என்னிடம் ஒருவர் காலையில் வேண்டாம் என்று சொன்னால் நான் காலையில்தான் போவேன். என்னோடு வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மறுநாள் காலை செம்பனை வரிசைக்குள் காரை ஓரமாக நிறுத்திவிட்டு மேட்டைப் பார்த்தேன். கொட்டகையின் பக்கத்தில், இரும்புச் சட்டத்தின் மேல், நீலப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் தண்ணீர் லோரி. ஒருவன் மேலே ஏறித் தொட்டிக்குள் குழாயை விட்டுப் பிடித்திருந்தான், இன்னொருவன் நிழலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். தொட்டி நிரம்பியதும் லோரி போய்விட்டது. நான் நடந்து போய்ச் சுற்றிப் பார்த்தேன். தொட்டியிலிருந்து கொட்டகைக்குக் குழாய் இருந்தது. தொட்டிக்கு எங்கிருந்தும் குழாய் வரவில்லை.

செமோருக்குத் திரும்பி நன்றாகச் சாப்பிட்டேன். காது கிழிந்த ஆட்டுக்குப் பிறகு இவ்வளவு பசி எடுத்தது அன்றைக்குத்தான்.

சாப்பிடும்போது இன்னொரு சந்தேகமும் வந்தது. என்னைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் அந்தப் பெண் அப்படிச் சொன்னாளோ? இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

ஒரு புதிய நடைமுறை

இரண்டு மணிக்குப் போனேன். தினேஷ், நித்யா, சுப்ரா, பாக்கியம் எல்லாரும் இருந்தார்கள். தினேஷ் இஸ்திரி போட்ட நீலச் சட்டை அணிந்திருந்தார். குழாயைத் திறந்தார். தண்ணீர் பாய்ந்தது. படம் எடுத்துக்கொண்டார்.

"பாருங்க ஆன்ட்டி. என்னா ஃபோர்ஸு."

"நல்லா இருக்கு. இனி பயனாளர் பரிசோதனைதான் பாக்கி."

"அது என்ன?"

"கால்நடை இடமாற்றத்துல, புது இடத்துல ஒரு நாள் முழுப் பயன்பாட்டைப் பயனாளர் முன்னிலையில நடத்திக் காட்டணும். வழக்கமான நடைமுறைதான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

அப்படி ஒரு நடைமுறை உலகத்தில் எங்கும் கிடையாது. ஆனால் நாற்பது பக்கத் திட்ட அறிக்கை எழுதுகிறவருக்கு, ஒரு நடைமுறை தனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. "ஆமா, ஆமா. செஞ்சிரலாம்," என்றார்.

"பாக்கியம், மாடுகளைக் கூட்டிட்டு வாங்க. தண்ணி காட்டி, தரையைக் கழுவி, எல்லாத்தையும் குளிப்பாட்டுங்க. வீட்டுல எப்படி செய்வீங்களோ அப்படி."

பாக்கியம் தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய் மாடுகளை ஓட்டி வந்தார்.

மாடுகள் குடித்தன. அவசரமே இல்லாமல் குடித்தன. பாக்கியம் குழாயை எடுத்துத் தரை முழுதும் ஒருமுறை கழுவினார், திருப்தியில்லாமல் மறுமுறை கழுவினார். பிறகு ஒவ்வொரு மாடாக, வைக்கோலால் முதுகைத் தேய்த்து, வாலைத் தூக்கி, குளம்பிடுக்கு விடாமல் குளிப்பாட்டினார். தினேஷின் நீலச் சட்டை முதுகில் கறுத்துக்கொண்டே வந்தது. இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போதும்க்கா, போலே லா, சரிதான்," என்றார் கடைசியில். "நல்லா தெரியுதே."

"இன்னும் கன்னுக்குட்டி இருக்கு தம்பி."

கன்றுக்குட்டியின் மேல் பாதி சோப்பு நுரை இருக்கும்போது குழாய் இருமியது. பிறகு சொட்டியது. பிறகு நின்றது.

நுரையோடு கன்றுக்குட்டி தலையை உதறியதில் சுப்ராவின் கண்ணாடியெல்லாம் சோப்பு.

"மோட்டார் ப்ராப்ளமா இருக்கும்," என்றார் தினேஷ்.

"மோட்டார் எங்க இருக்கு?" என்று கேட்டேன். அவரும் சுற்றிப் பார்த்தார், பாவம், இருந்தாலும் இருக்கும் என்று.

பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடமும் சுப்ராவிடமும் பேசினார். குழாய் இணைப்புக்கு மனு போட்டாயிற்று, ரெண்டு வாரத்தில் வந்துவிடும். ஆனால் திறப்பு விழா வர்ற வாரம், டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் வருகிறார், அழைப்பிதழ் எல்லாம் போயாயிற்று. மாடுகளை இப்போதே மாற்றிவிட்டால் கீழே நிலத்தைச் சமன்படுத்தலாம். அதுவரை தினமும் லோரி அனுப்புகிறோம். "நீங்க ரெண்டு பேரும் சொன்னா முடிஞ்சிரும்."

சுப்ரா என்னைப் பார்த்தார். நான் பதில் தயாரித்துக்கொண்டிருந்தேன். எந்த விதி, எந்தப் பிரிவு என்று மனதில் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

"மாடு வராது தம்பி," என்றார் பாக்கியம்.

எங்கள் மூவரில் ஒருவரும் அவரைக் கேட்டிருக்கவில்லை. கன்றின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி, சத்தம் கூட்டாமல், தினேஷின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, ரெண்டே ரெண்டு வாரம்தான்..."

"ரெண்டு வாரம் கழிச்சி தண்ணி வரட்டும். நான் வாரேன். இப்ப வராது."

"லோரி வரும்க்கா, நான் பொறுப்பு."

"நீங்க கோலாலம்பூர்ல இருப்பீங்க. மாடு இங்க நிக்கும்." பாதி நுரையோடு இருந்த கன்றை முன்னால் தள்ளினார். "ஆத்துல அலசிக்கிறேன்."

மேட்டிலிருந்து கீழே போக ஒற்றை மண்பாதைதான். இரண்டு பக்கமும் செம்பனைக் கால்வாய். மாடுகள் முன்னால் இறங்கின, பின்னால் தினேஷின் பெரிய கார், அதற்குப் பின்னால் என் பழைய கார். அந்தப் பாதையில் ஒரு மாட்டை முந்திப் போக இடமில்லை. தினேஷ் ஒருமுறை ஹாரன் அடித்தார். பாக்கியம் திரும்பிப் பார்க்கவில்லை. குளித்த மாடுகள் ஓரத்துப் புல்லை ஒவ்வொரு வாயாகக் கடித்தபடி போயின.

பாதி வழியில் அந்தக் காரின் கதவு திறந்தது. நித்யா இறங்கி, காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓரமாக ஓடிப் போய்ப் பாக்கியத்தோடு சேர்ந்து நடந்தாள். பாக்கியம் ஏதோ சொல்ல அவள் சிரித்தாள். காரில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கண்ணாடிகளெல்லாம் ஏற்றித்தான் இருந்தன.